விமானத்துக்கு முதல் சூடு

வெந்த சவ்வரிசிக் கஞ்சியின் வாசனையும், ஈரத்துணியில் அயன் பெட்டி உட்காரும்போது எழும் 'ஸ்ஸ்' என்ற சத்தமும் நிறைந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, என் வகுப்பில் படித்த கஜன், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர்: புறக்கோட்டையில் மூட்டை இறக்கப் போயிருந்த அப்பாவும், எங்கள் ஒழுங்கைக்குள் கார் திரும்பாது என்று கஜனைப் பெரிய வீதியிலேயே இறக்கிவிட்டுப் போன அவனுடைய சித்தப்பாவும். அம்மா வழக்கமாக உடுப்பு அயன் பண்ணும் பலகையில் ஐந்தடி நீளத்துக்கு ஒரு விமானத்தின் இறக்கை படுத்திருந்தது. அம்மாவின் வலப்பக்கத்தில், எப்போதும் நான் நின்று மடித்த உடுப்புகளை வாங்கி அடுக்கும் இடத்தில், கஜன் நின்றான்.

மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து பிழைப்புக்காகக் கொழும்புக்கு இறங்கி வந்தவர்கள் என் அம்மாவும் அப்பாவும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஸ்கொலர்ஷிப் பாஸாகிப் பெரிய பாடசாலைக்குப் போனதும், டை கட்டப் பழகியதும் நான்தான். பக்கத்து லோன்ட்ரியிலிருந்து மூட்டை மூட்டையாக உடுப்பு வரும், அம்மா நின்றபடியே அயன் பண்ணிக் கொடுப்பா. கரண்ட் பில்லுக்குப் பயந்து அவ வைத்திருந்த ஒழுங்கு ஒன்று உண்டு: லோன்ட்ரி உடுப்பு எல்லாம் முடிந்த பிறகு பிளக்கைக் கழற்றிவிட்டு, அயனில் மிஞ்சியிருக்கிற சூட்டை வைத்து என் பள்ளிச் சட்டையை ஓட்டிவிடுவா. அதற்குக் 'கடைசிச் சூடு' என்று பெயர். ஊராரின் கொலர் எல்லாம் கத்தி மாதிரி நிற்கும், என் கொலர் மட்டும் தூக்கம் கலையாத பிள்ளை மாதிரிச் சரிந்து கிடக்கும். மழை மேலிருந்து கீழே பெய்வது போல அதுவும் ஒரு இயற்கை என்றுதான், கஜன் எங்கள் வீட்டுக்கு வரும்வரை, நினைத்துக்கொண்டிருந்தேன்.

கஜன் வெள்ளவத்தைக்காரன். கடற்கரைப் பக்கத் தொடர்மாடியில் வீடு, தகப்பன் வங்கியில் வேலை. லண்டனிலிருந்து திரும்பி வந்த சித்தப்பா அவனுக்காக ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். திறந்தால் மெல்லிய மரச்சட்டங்கள், ஒரு சின்ன மோட்டார், ரிமோட், மடித்துவைத்த துணி. பழைய காலத்தில் விமானமோட்டப் பழகியவர்கள் ஏறிய மஞ்சள் நிற விமானம் ஒன்றை, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு துணி இறக்கைகளோடு, அசலில் ஆறிலொரு பங்கு அளவில் கட்டுகிற வேலை அது. வகுப்பில் அவன் வாயைத் திறந்தால் அந்தக் கதைதான். ஆணித்தலை தெரிய வேண்டிய இடத்திலெல்லாம் ஊசி முனையால் பசையைப் பொட்டுப் பொட்டாக வைத்தானாம். பால்மா டின் மூடியை வெட்டி விமானியின் இருக்கைப் பட்டிக்குக் கொளுக்கி செய்தானாம். விமானிக்கு முன்னாலுள்ள நகத்தளவு மணிக்கூடுகளுக்குள் முள்ளும் இலக்கமும் வரைந்தானாம். "பறக்குமாடா?" என்று கேட்டேன். "பறக்கிறது என்ன பெரிய வேலை, அசலைப் போல இருக்கோணும்" என்றான். பறப்பதையே பெரிய வேலையில்லை என்று சொல்ல முடிகிற ஒருத்தனைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அவனுக்கும் ஒன்று குறைந்திருந்தது. இறக்கைத் துணியை இறுக்குகிற வார்னிஷ் தீப்பற்றக்கூடியது என்று சித்தப்பாவை விமானத்தில் கொண்டுவர விடவில்லை; மருதானைக் கடைகளில் ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. துணி தாத்தாவின் பனியன் மாதிரித் தொங்குகிறது என்று அவன் முகம் வாடிச் சொன்ன அன்று, எனக்கும் சொல்ல ஒரு கதை கிடைத்துவிட்ட சந்தோஷத்தில், "எங்கம்மா கஞ்சி போட்டா சேலை ஆள் இல்லாமலே நிக்கும்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு இறக்கையோடு வாசலில் நின்றான்.

அம்மா துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தா. "இது துணியா, நொளம்பு வலையா தம்பி? இம்புட்டு மெலிசா இருக்கு" என்றா. பிறகு, "சல்லி ஒண்ணும் வேணாம். பறக்கவிடுறப்ப எங்க புள்ளைக்கும் ஒருக்கா அந்த ரிமோட்டக் குடுக்கணும், அவ்வளவுதான்" என்றா.

"ஓம் அன்ரி, கட்டாயம்."

அந்த 'கட்டாயம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்து வந்த ஞாயிறுகளை நான் கடத்தினேன். ஏனென்றால் அந்த ஞாயிறுகளில் என் கண்முன் நடந்தது வேறு. லோன்ட்ரி மூட்டை மூலையில் கட்டு அவிழ்க்காமல் கிடக்க, பிளக்கைக் குத்தியதும் வருகிற முதல் சூடு, தண்ணீர் தெளித்தால் முத்து மாதிரித் துள்ளி ஓடுகிற அந்தச் சூடு, கஜனின் இறக்கைக்குப் போனது. அசல் விமானத்தில் துணியை மரச்சட்டத்தோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள் என்று அவன் படம் காட்டினான். சட்டம் சட்டமாக அம்மா ஊசியை மேலும் கீழுமாகக் கோத்துத் தைத்தா. என் சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊக்குக் குத்தி அனுப்புகிற அதே அம்மா! அவனுக்குத் 'தம்பி', எனக்கு 'டேய்'.

"தம்பி, அந்தக் கோடிய இழுத்துப் புடிங்க. டேய், வெளிச்சத்த மறைக்காத, அங்கிட்டுப் போ."

"அன்ரி, இந்தத் தையல் கொஞ்சம் வளைஞ்சுட்டுது போல."

"அட ஆமா! என்னா கண்ணு தம்பி ஒங்களுக்கு. இவனும் இருக்கானே, போடுற சட்டைய உள்பக்கம் திருப்பிக் குடுத்தாலும் மாட்டிக்கிட்டுப் போயிருவான்."

மாலையில் அப்பா வந்து வாசலில் நின்று, "வெளிநாட்டுக்குப் ப்ளேன் ரெடியாயிருச்சா? டிக்கட் எவ்வளவு?" என்பார். "மூட்டையெல்லாம் ஏத்த மாட்டோம், ஒங்களுக்கு எடமில்ல" என்பா அம்மா. கஜன் விழுந்து விழுந்து சிரிப்பான். என் வீட்டுச் சிரிப்பில்கூட அவனுக்கு ஒரு பங்கு விழுந்துவிட்டதே என்று நான் மூலையில் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கணக்கும் செய்யாமல் இருப்பேன்.

இறக்கை இரண்டும் மத்தளம் மாதிரி இறுகி, மஞ்சள் வர்ணமும் பூசியாகிவிட்டது. பாரம் கூடிவிடும் என்று அடிப்பக்கத்துக்கு மட்டும் மெல்லியதாக ஒரே ஒரு தரம். ஆனால் வெள்ளவத்தைக்குக் கொண்டுபோன மூன்றாம் நாளே கடற்காற்றின் ஈரத்தில் கஞ்சி இளகி, துணி திரும்பவும் தொய்ந்துவிட்டது. "அங்க வேணாம் தம்பி, பறக்கவிடுற நாள் வரைக்கும் இங்கயே கெடக்கட்டும். அயன் சூட்டுல இந்த ரூம் எப்பவும் காய்ஞ்சுதான் இருக்கும்" என்றா அம்மா. என் பாய்க்கு நேர் மேலே, கூரைச் சட்டத்தில் கயிறு கட்டி இரண்டையும் தொங்கவிட்டோம். படுத்துக்கொண்டே பார்ப்பேன். சட்டப்படி அது கஜனுடையது. என் தலைக்கு மேலே இருந்தபடியால் கொஞ்சம் என்னுடையதும்தான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பறக்கவிடும் ஞாயிறு வந்தது. கொழும்புக்குள் இதெல்லாம் பறக்கவிட முடியாது. அவிசாவளைப் பக்கம் ஒரு மைதானத்துக்குச் சித்தப்பா முறைப்படி அனுமதி எடுத்து, வேனும் பிடித்து, பெரிய வீதியில் காத்திருந்தார். கஜன் உள்ளே வந்து கயிற்றை அவிழ்த்தான். கீழ் இறக்கையைத் திருப்பியவன் அப்படியே நின்றுவிட்டான். அடிப்பக்கத்தில், தையலோரங்களில் கஞ்சி திரண்டு காய்ந்திருந்த இடமெல்லாம், துணி ஓட்டை ஓட்டையாக அரிக்கப்பட்டிருந்தது. ஒரு சட்டத்துக்குப் பின்னாலிருந்து மீசையை ஆட்டிக்கொண்டு ஒரு கரப்பொத்தான் எட்டிப் பார்த்தது. சவ்வரிசிக் கஞ்சி, மெல்லிய வர்ணம், சூடான அறை: கொட்டாஞ்சேனைக் கரப்பொத்தான்களுக்கு நாங்கள் பந்தி போட்டிருக்கிறோம்.

"எங்கட வீட்டில கரப்பொத்தானே இல்ல அன்ரி..." என்றான் கஜன். அவன் குத்திக் காட்டவில்லை. நம்ப முடியாமல்தான் சொன்னான். ஆனால் அம்மாவின் முகம் அயன் பட்ட நைலோன் மாதிரிச் சுருங்கியதை நான் பார்த்தேன். கரப்பொத்தான் இல்லாத வீடு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதும், அதுவும் அவனுக்கே வாய்த்திருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா அறையை ஒரு சுற்றுப் பார்த்தா. லோன்ட்ரி மூட்டையில் துணி இருந்தது, ஆனால் அது ஊரான் துணி. கதவுக்குப் பின்னால் ஆணியில், திங்கட்கிழமைக்காகக் கடைசிச் சூடு வாங்கிய என் பள்ளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தா. கத்தரியை வைத்தா.

"அம்மா! அது என் சட்டை!"

"தெரியும். தோச்சுத் தோச்சு நல்லா மெலிஞ்ச துணி, பாரமே இருக்காது. காச்சட்டைக்குள்ள போற துண்டுதானேடா, யாரு பாக்கப் போறா?"

பின்பக்கத்துத் துண்டைக் கரக் கரக்கென்று வெட்டி, இந்த முறை கஞ்சியைத் தொடாமல் கஜனின் வெள்ளைப் பசையால் ஒட்டி, பிளக்கைக் குத்தி, முதல் சூட்டில் ஓட்டினா. என் சட்டைக்கு முதல் சூடு கிடைத்த முதல் நாள் அதுதான். அதுவும் இன்னொருத்தனின் விமானத்தில்.

அம்மாவும் நானும் கஜனோடு வேனில் ஏறினோம். சித்தப்பா மஞ்சளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்து முகம் சுளித்தார். "இதென்ன, அசலைப் போல இல்லையே?"

"அசல் பிளேன் கிழிஞ்சாலும் ஒட்டுத்தான் போடுறவை சித்தப்பா" என்றான் கஜன். அம்மா வேன் கண்ணாடிப் பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தா.

பறந்தது. சித்தப்பா முதலில் ஏற்றி இறக்கினார், பிறகு கஜன். அவன் இறக்கியதும் அம்மாவே முன்னுக்குப் போய், "தம்பி, எங்க புள்ள" என்று ஞாபகப்படுத்தினா. கஜன் மறுபேச்சில்லாமல் நீட்டினான். சித்தப்பாவே மேலே ஏற்றிக் கொடுக்க, ரிமோட் என் கையில் வந்தது. இடது பெருவிரலைக் கொஞ்சம் அசைத்தால் வானத்தில் ஒரு மஞ்சள் வண்டு சொன்னபடி கேட்டது. எத்தனை ஞாயிறு காத்திருந்த காரியம்! பெரிய வட்டம் ஒன்று போட்டு, அம்மா என்னைப் பார்க்கிறாவா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அம்மா கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் கஜனும் அதே கோலம்.

"தம்பி, எடது பக்கம் தொய்யுதா பாருங்க!"

"இல்ல அன்ரி, நல்லா இறுகி நிக்குது!"

"ஒட்டு?"

"ஒட்டும் நிக்குது!"

நான்தான் ஓட்டுகிறேன். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. சித்தப்பா பார்த்தார், அதுவும் என் பெருவிரலை மட்டும். அம்மா பார்த்தது என் சட்டையை.

திங்கட்கிழமை அந்தக் குட்டைச் சட்டையோடுதான் பள்ளிக்கூடம் போனேன். பதில் சொல்லக் கையைத் தூக்கும்போதெல்லாம் காற்சட்டைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. விடை தெரிந்த கேள்விகளுக்கெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். முன்வரிசை வாங்கில் கஜன் கையைத் தூக்கினான். புதுச் சட்டை தைத்து வந்த பிறகும் அதற்குக் கிடைத்தது கடைசிச் சூடுதான்.

இப்போது அந்த லோன்ட்ரி இல்லை. அந்த இடத்தில் கையடக்கத் தொலைபேசி திருத்துகிறார்கள். கஜன் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. மேல் இறக்கை ஒரு மரத்தில் மோதி நொறுங்கிவிட, உடலையும் மோட்டாரையும் கொண்டுபோனார்கள். கீழ் இறக்கை எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காததால் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அயன் பலகைக்கு மேலே சுவரில் அது இத்தனை வருஷமும் இருந்தது. என் பட்டமளிப்புப் படம் அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே. நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்துக்குப் போகிறேன். அம்மா இப்போது ஊருக்கு அயன் பண்ணுவதில்லை, என் சட்டை ஒன்றுக்கு மட்டும்தான் பிளக் குத்துகிறா. முதல் சூடும் கடைசிச் சூடும் எனக்கே. போட்டிக்கு ஆளில்லாமல் வாங்கிய முதலிடம் மாதிரி இருக்கிறது.

சென்ற மாதம் கஜன் தொலைபேசியில் வந்தான். எப்போதும் போல, "மச்சான், அன்ரி எங்க?" என்றுதான் தொடங்கினான். அந்த விமானத்தைத் திரும்பக் கட்டுகிறானாம். மேல் இறக்கையைத் தானே செய்துகொள்வானாம், ஆனால் கீழ் இறக்கை அன்ரி தைத்ததுதான் வேண்டுமாம், அனுப்புகிற செலவை அவனே அனுப்பிவிடுவானாம்.

"தம்பிகிட்ட சல்லி வாங்குறதா? சும்மா இருடா" என்றா அம்மா. மரப்பெட்டி அடிக்கச் சொன்னா. இறக்கையைப் பழைய சேலையில் சுற்றி, கரப்பொத்தான் வராமலிருக்கப் பூச்சி உருண்டை போட்டு, ஓட்டோவில் தானே மடியில் வைத்துக்கொண்டு வந்தா. பார்சல் கவுண்டரில் இருந்தவர் பெட்டியைப் பார்த்து, "மொக்கத அம்மே மேக்க?" என்று, இது என்னம்மா என்று, சிங்களத்தில் கேட்டார். "பிளேன், மாத்தயா" என்றா அம்மா, ரொம்பச் சாதாரணமாக.

நான் இன்னும் கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டியதில்லை. என் சட்டையின் பின்துண்டு கனடா போகிறது. சுவரில் இரண்டு ஆணிகளும், வெயில் படாமல் வெளுக்காதிருந்த ஐந்தடி நீளமும் மிச்சம். நீளத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துக் கல்குலேட்டரில் தட்டிப் பார்த்துக் கவுண்டர்காரர் தொகையைச் சொன்னபோது நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவ கையை விலக்கி, சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசைக் கைப்பையிலிருந்து எடுத்து, எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணி வைத்தா: நாற்பத்தோராயிரத்து அறுநூறு ரூபா.