பாலிதீனில் கட்டிய உருளைக்கிழங்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு ஸ்டோர் பார்த்தேன். எண்பத்தைந்தாம் வருஷ வாக்கில் இருக்கும். பெண்சாதி தவறிய பிறகு அந்த ஸ்டோர் ரூமிலேயே படுத்துக்கொள்ள விட்டார்கள். வேலை போனால் படுக்க இடம் கிடையாது.

தீபாவளிக்கு ஐந்து நாள் லீவு. எல்லோரும் ஊருக்குப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. கூரை ஒழுகி உருளைக்கிழங்குச் சாக்குகள் நனைந்தன. புது மெஷினைச் சுற்றி வந்த பெரிய பாலிதீன் உறைகள் கிடந்தன. கிழங்கை அதில் கொட்டி, சொட்டுத் தண்ணீர் போகாதபடி வாயை இறுக்கிக் கட்டினேன். நல்ல வேலை செய்ததாகத்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. வெளியே சாக்கடை என்று இருந்துவிட்டேன். கேட்க ஆள் இல்லை.

லீவு முடிந்து வந்த சமையல் மாஸ்டர் மூக்கைப் பொத்தினார். கட்டை அவிழ்த்தால் உள்ளே வேர்த்த மாதிரித் தண்ணீர். பாதிக் கிழங்கு கூழாகியிருந்தது.

"இன்னா நைனா, உருளைக்கு ரெயின்கோட்டு மாட்டிக்கீறே? அதுக்கும் மூச்சு வோணாமா? சாக்குன்னா நனைஞ்சாலும் காத்து பூரும்."

"தெரியல அண்ணாத்தே."

"இப்புடி நாறிகினு கீது. பக்கத்துலயே படுத்துகினு இருந்தியே?"

நான் குனிந்து அடுத்த உறையின் கட்டை அவிழ்த்தேன்.

"மேனேஜர் பாத்தா உன்ன அனுப்பிடுவான். அழுகினத கொட்டிட்டு மீதிய காய வையி, சீக்கிரம்."

ஒழுகாத இடம் நான் பாய் விரிக்கும் மூலை ஒன்றுதான். அங்கே காய்ந்த சாக்கை விரித்து நல்ல கிழங்கைப் பரப்பினேன். மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை. வேலை தங்கியது. அந்தக் கிழங்கு செலவாகும்வரை வாசல் சுவரில் சாய்ந்து தூங்கினேன்.