கை நடுங்காத பால்ராஜ்

காயத்துக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பவன், காயப்படப் போகிறவர்களையும் சேர்த்தே தயார் செய்கிறானா? ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரி ஒன்றில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்த ஞானப்பிரகாசத்தை நினைத்தால் இந்தக் கேள்வி எழாமல் இராது. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும், சண்டை வந்தால் உதவ ஊர்க்காரர்களைக் கொண்டு சர்க்கார் அமைத்திருந்த தொண்டர் படையின் மருத்துவப் பிரிவுக்கு ஸ்ட்ரெச்சர் தூக்கவும் ரத்தத்தை நிறுத்தவும் அவர் பழக்கினார். நன்றாகக் கற்பித்தார் என்று சொல்ல மாட்டேன், பொறுமையாகக் கற்பித்தார்.

சீனாவில் குண்டு விழுந்துகொண்டிருந்த வருஷம், பிரிவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவருடையது. மனைவியின் தம்பி பால்ராஜ் வந்து நின்றான்.

“அத்தான், உங்க கட்டு அவுந்தாலும் அவுழும், என் கட்டு அவுழாது!”

அன்று மாலை மனைவி ரோசலின் சோற்றைப் போட்டுவிட்டு நகராமல் நின்றாள்.

“அவன் கை நடுங்குதுன்னு சொல்லிடுங்க. சண்டை வந்தா அவனைத்தான் முதல்ல அனுப்புவாங்க. எனக்கு இருக்கிறது ஒரே தம்பி.”

“நடுங்கலையே,” என்றார் அவர்.

“அது உங்க ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?”

அடுத்த ஞாயிறு பால்ராஜ் போட்ட கட்டை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அவனைச் சேர்த்துக்கொள்ளும்படி அதிகாரியிடம் சொன்னார். கையோடு, இனிமேல் தான் பழக்க வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டார். ஏனென்று ரோசலின் கேட்டாள், பால்ராஜும் கேட்டான். ஞானப்பிரகாசம் கடைசிவரை காரணம் சொல்லவில்லை.