பவுசர் வரிசையில் நான் செய்த பகிடி

போர் முடிந்து மீள்குடியேறி, நானாட்டான் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டிலில் நாங்கள் இருந்த முதல் வருடம் அது. எங்கள் ஒழுங்கையில் எதிரும் புதிருமாக இரண்டு சுவிசேஷ சபைகள். நான் போனது பழைய சபைக்கு. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவோம், கண்ணை மூடி மெதுவாகச் செபிப்போம். எதிர்ப்பக்கம் கூரைக்குத் தறப்பாள் போட்ட கொட்டில். அங்கே ட்ரம், கைதட்டல், எல்லாவற்றையும் மீறி அவர்களுடைய பாஸ்டரின் குரல். வழியில் கண்டால் இரண்டு சபையாரும் தலையசைப்பதோடு சரி.

ஆட்களைப் போலச் செய்து காட்டுவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெயர். ஒருநாள் காலை, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டிக்காக வரிசையில் நின்றபோது வாளியைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி, அந்தப் பாஸ்டரின் கரகரத்த குரலில், "ஆண்டவரே, பவுசரை இப்பவே அனுப்பும், இப்பவே, இப்பவே" என்று கத்தினேன். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நாலாவது ஆளாகப் பாஸ்டரின் மனைவி நின்றார். தன் முறை வந்ததும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு போனார்.

"ஒரு பகிடிதானே" என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"அப்ப ஏன் கடைக்குச் சுத்து வழியாப் போறீர்?" என்று என் கணவர் கேட்டார்.

உண்மைதான். மூன்று கிழமையாக அவர்கள் கொட்டிலைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

ஐப்பசி மழையோடு வந்த காற்று அந்தத் தறப்பாளைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் போதகர் அன்று பின்னேரமே ஒழுங்கையைக் கடந்து போய், "கூரை போடும்வரைக்கும் எங்கடை மண்டபத்துக்கு வாங்கோ, சேர்ந்தே ஆராதிப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. பாஸ்டரின் மனைவி கடைசியாக வந்தார். பாயில் இடமிருந்தது என் பக்கத்தில் மட்டும்தான். அவரிடம் பாட்டுப் புத்தகம் இல்லை. என்னுடையதை நடுவில் பிடித்தேன்.

ஆராதனை முடிந்ததும், "அக்கா, அண்டைக்கு நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"ஓம், எனக்கு நொந்ததுதான்" என்றார் அவர். "அவர் முந்தி இப்பிடிக் கத்திறவர் இல்லை. ஷெல் விழேக்கை பங்கருக்குள்ளை செபம் பண்ணுவார். பிள்ளையளுக்கு அந்தச் சத்தம் கேக்கக் கூடாது, தன்ரை குரல்தான் கேக்க வேணும் எண்டு கத்துவார். அந்தப் பழக்கம் இன்னும் போகேல்லை."

அவர் என் முழங்கையைத் தொட்டார்.

"வீட்டை போய் அழுதழுது சொன்னனான். மனுசன் சிரிச்சுப்போட்டு, அவ கையையும் தூக்கினவவோ எண்டு கேட்டவர்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கடை ஆக்களும் உங்கடை போதகர் ஐயாவைப் போலச் செய்து காட்டுறவை. அவர் செபிக்கிறது அரசாங்கக் கந்தோரிலை கிளாக்கர் கடிதம் வாசிக்கிற மாதிரியாம்" என்றார். நான் என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன்.

பாஸ்டரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்கோ பிள்ளை. அடுத்த ஞாயிறு நீங்கள்தான் செபத்தைத் தொடங்க வேணும். உங்கடை சொந்தக் குரலிலை" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

அந்த ஞாயிறு எழுந்து நின்றேன். இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. அப்போது அவர்கள் பக்கத்திலிருந்து யாரோ உரத்து "ஆமென்" என்றார்கள். இன்னொருவர், இன்னொருவர். முதுகில் கைவைத்துத் தாங்கியது போல இருந்தது. இவர்கள் ஏன் சத்தமாகச் சொல்கிறார்கள் என்று அன்றுதான் விளங்கியது.

இரண்டு சபை ஆண்களும் சேர்ந்து அந்தக் கொட்டிலுக்குத் தகரக் கூரை போட்டார்கள். பாஸ்டரின் சபையார் தங்கள் கொட்டிலுக்குத் திரும்பிப் போனார்கள். சபைகள் இரண்டாகவேதான் இருந்தன. ஆனாலும் மாதத்தின் முதல் ஞாயிறு ஒன்றாகக் கூடினோம். ட்ரம் அடித்தால் எங்கள் மூப்பர் ஒருவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், எழுந்து போகமாட்டார்.

மார்கழியில் ஒரே உழவு இயந்திரத்தின் பின்பெட்டியில் ஏறி, கரோல் பாடிக்கொண்டு நறுவிலிக்குளம் போனோம். ஒரு சைவக் குடும்பம் எங்களை முற்றத்தில் இருத்தித் தேநீர் தந்தது. "நீங்கள் எந்தச் சபை?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"ரெண்டும்" என்றார்கள் போதகரும் பாஸ்டரும் ஒரே நேரத்தில். வீட்டுக்காகச் செபிக்கும்படி அவர் கேட்டதும், "நீங்கள் செபியுங்கோ", "இல்லையில்லை, நீங்கள்" என்று இரண்டு பேரும் மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா அவர்கள் கையிலிருந்த கோப்பைகளைக் காட்டினார். "ஆரெண்டாலும் செபியுங்கோ ஐயா, தேத்தண்ணி ஆறுது" என்றார்.