எங்கள் மாவு தின்ற மீன்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் இரண்டு மாவு பிசைவேன். ஒன்று சப்பாத்திக்கு, இன்னொன்று மீனுக்கு. மீன் மாவுக்கென்று தனியாக ஒரு பிளாஸ்டிக் பேசின் உண்டு. அவசரத்தில் மாறிவிடக் கூடாதே என்று அதன் அடியில் நெயில் பாலிஷால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன். கோதுமை மாவு, பொடித்த கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் வெல்லம், ஒரு சிட்டிகை பெருங்காயம். பிசைந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். கழுவினோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் கழுவுவேன். இதில் என்ன கெடுதல் இருக்கிறது, நாமே தின்னலாமே என்று என் கணவர் சிரிப்பார்.

அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். நாச்சாரத்தில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறார். வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர், ஞாயிறு காலை உப்பலைத் தாண்டியிருக்கும் ஏரிக்குத் தூண்டிலோடு போய்விட்டு வந்தால் வேறு மனிதராக இருப்பார். நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் மகளுக்கு ஐந்து வயது. நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள்.

ஏரியின் வடக்கு மூலைதான் இவர்கள் குழுவின் இடம். அங்கே வாரம் முழுக்க முறை வைத்து யாராவது ஒருவர் போய் மாவு உருண்டைகளைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வருவார்கள். ‘சாரா போடுவது’ என்று அதற்குப் பெயர். தினமும் தீனி கிடைத்தால் மீன் அந்த இடத்தை விட்டுப் போகாது. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போட்டால் அகப்படும். இதனால் அந்த மூலையின் மீன்களைத் தாங்களே வளர்ப்பதாக அவர்கள் நினைத்தார்கள். வேறு யாராவது அங்கே வந்து உட்கார்ந்தால் தங்கள் வீட்டுக் கோழியைத் திருட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

அவர் பிடித்து வரும் ரோகுவையும் கட்லாவையும் நான் குழம்பு வைப்பேன். ஆனால் மகளுக்கு ஊட்ட மாட்டேன். சின்னச் சின்ன முள், தொண்டையில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, ஹப்சிகுடா கடையில் கடல் மீன் தனியாக வாங்கி அவளுக்குப் பொரித்துக் கொடுப்பேன். முள் பயமும் உண்மைதான். அதைவிடப் பெரிய பயம் அந்தத் தண்ணீர். ஏரிக்குள் வந்து சேரும் ஓடையில் சில நாட்களில் நுரை மிதக்கும், மருந்துக்கடை போல ஒரு வாடை அடிக்கும். அந்த ஓடை எந்தெந்தத் தொழிற்சாலை ஷெட்டுகளின் பின்னால் சுற்றி வருகிறதோ தெரியாது. ஒரு முறை, இந்த மீனைச் சாப்பிடலாமா என்று அவரிடம் தைரியமாகக் கேட்டேன்.

“அது நம்ம மாவு தின்னு வளந்த மீன்மா. உன் கையால பிசஞ்ச மாவு. கடை மீனைவிட இது சுத்தம்” என்றார்.

“மாவைத் தின்னாலும் கெடக்கிறது அந்தத் தண்ணியிலதானங்க?” என்றேன்.

அவர் தூண்டில் நூலைச் சிக்கெடுக்க உட்கார்ந்துவிட்டார். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு இருக்கிறது, அதையும் நான் கெடுக்கிறேனோ என்று தோன்றியது.

இந்த மழைக்காலத்துக்கு முன்னால் மீன்வளத் துறைக்காரர்கள் ஏரிக்கரையில் ஒரு பலகை வைத்தார்கள். வடக்கு மூலை மீன் குஞ்சு பொரிக்கும் இடம், பறவைகள் கூடு கட்டும் இடம், ஆகவே அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கப் போகிறார்கள். மற்ற இடங்களில் அனுமதி வாங்கித் தூண்டில் போடலாம். மழைக்காலத்தில் எங்குமே கூடாது. சின்ன மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். சாரா போடக் கூடாது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் குறிப்பிட்ட ஞாயிறன்று கரைக்கு வரலாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஹாலில் ஒரே வாக்குவாதம். குழுவில் மூத்தவர் ஒரு அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செகந்திராபாத் தமிழர், பேச்சில் அந்த ஊர் உருது கலக்கும். ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவன் வலை போட்டு லாரி லாரியாக அள்ளுகிறான், அவனை விட்டுவிட்டு நம்முடைய ஒற்றைக் கொக்கியைப் பிடிக்கிறார்களே என்பது அவர் கட்சி. மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு தெலுங்குப் பையன், பிடித்த மீனை எல்லாம் போட்டோ எடுத்துவிட்டுத் திரும்ப விடுபவன். மீனின் வாய் கிழியாதபடி கொக்கியின் முள்ளைத் தட்டி மழுக்கிக்கொள்வோம், எல்லா மீனையும் விட்டுவிடுவோம், அப்படிச் சொன்னால் மூலையில் உட்கார விடுவார்கள் என்றான். அங்கிள் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“திங்கறதுக்கு இல்லன்னா அது வாயை எதுக்குக் குத்தறது? நக்கோ பாபு, வேணாம். நீ அதுகூட செல்ஃபி எடுக்கத்தான் போறியா?”

என் கணவர் நடுவில் நின்றார். மழைக்கால மூடலுக்கு அவர் சம்மதம், மூலையை விடுவதற்கு இல்லை. டீ கொண்டுபோய் வைத்த நான் எல்லார் முகத்தையும் பார்த்தேன். எங்கள் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் வருடா வருடம் வரும். தீவுகளைச் சுற்றிப் போகக் கூடாத கடலும் உண்டு. அதைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதன்படி நடக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு இந்த விதிகளில் தப்பு தெரியவில்லை. உள்ளுக்குள் அந்தப் பையன் பக்கம்தான் இருந்தேன். எல்லா மீனையும் திரும்ப விட வேண்டும் என்று விதி வந்துவிட்டால், வீட்டுக்கு மீன் வராது. நான் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. விதி எனக்காகப் பேசிவிடும்.

கரைக் கூட்டத்தில் பேச வேண்டிய ஆளாக அவர்கள் என்னைத்தான் பிடித்தார்கள். குழந்தை பிறப்பதற்கு முன் நான் டீச்சர். “ஹவ் மா, ஆமா, நீதான் கரெக்டு. பொம்பளைப் புள்ள பேசினா ஆபீசருங்க கேப்பாங்க” என்றார் அங்கிள். மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை.

அதே ஞாயிறுதான் மகளுக்கும் முதல் தூண்டில். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. குழந்தை முதன்முதலில் பிடிக்கும் மீன் எவ்வளவு சின்னதானாலும் குழந்தையின் வீட்டிலேயே சமைக்க வேண்டும், முதல் வாய் அந்தக் குழந்தைதான் சாப்பிட வேண்டும். அங்கிளின் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அப்படிச் சாப்பிட்டவர்கள்தானாம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். இந்த முறை முள்ளைக் காரணம் சொல்ல முடியாது. முள் எடுத்துக் கொடுப்பது நான்தானே. அந்த வாரம் முழுக்க அவளுக்கு மீன் அகப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பிறகு, குழந்தையின் ஆசைக்கு எதிராக வேண்டிக்கொள்ளும் அம்மா உண்டா என்று நினைத்துக் கலங்கினேன்.

கரையில் ஷாமியானா போட்டிருந்தார்கள். என் முறை வந்ததும் எழுந்து, குழு சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். வலையைக் கட்டுப்படுத்துங்கள், ஒற்றைத் தூண்டிலுக்கு மூலையில் இடம் விடுங்கள், மழைக்கால மூடலை ஏற்கிறோம், சாராவை அளவோடு அனுமதியுங்கள். எதிரே இருந்த பெண் அதிகாரி குறித்துக்கொண்டே வந்தார். வேறு ஏதாவது உண்டா என்று நிமிர்ந்து பார்த்தார். சற்றுத் தள்ளி, தண்ணீர் ஓரத்தில் என் மகள் அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவில் தூண்டிலைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள்.

“இந்த ஏரி மீனைச் சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்காமல் தன்னால் சொல்ல முடியாது என்றார். இதுவரை பரிசோதித்ததாகத் தனக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார். திட்டத்தில் சேர்க்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். நான் உட்கார்ந்ததும் அங்கிள் என் பக்கம் சாய்ந்தார்.

“கைக்கு மா, எதுக்கு இந்தக் கேள்வி? தண்ணி கெட்டதுன்னு எழுதிட்டா மூலை மட்டுமில்ல, மொத்த ஏரியையும் மூடுவான். பூட்டையும் குடுத்து சாவியையும் குடுத்துட்டியே.”

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமோ என்று யோசிப்பதற்குள் தண்ணீர் ஓரத்தில் கூச்சல். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ரோகு ஒன்று நூலில் துள்ளிக்கொண்டிருந்தது. குழுவினர் கை தட்டினார்கள். மகள் தெலுங்கில் “நாதி, நாதி”, என்னுடையது என்று குதித்தாள். என் கணவர் கொக்கியைக் கழற்றி, மீனை வாளித் தண்ணீரில் போட்டு என்னிடம் தூக்கி வந்தார்.

“நீ கேட்டது அங்க வரைக்கும் கேட்டுச்சு” என்றார். கோபமா என்று குரலில் தெரியவில்லை. “இப்ப சொல்லு. வீட்டுக்கா, ஏரிக்கா?”

அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒரு வாய்தானே என்று நினைத்தேன். ஒரு வாயில் என்ன ஆகிவிடும்? ஆகாது என்று யார் சொன்னார்கள்?

“எனக்குத் தெரியலங்க. தெரியாததை அவ வாயில வைக்க எனக்கு மனசு வரல.”

அவர் வாளியோடு தண்ணீர் ஓரத்துக்குத் திரும்பிப் போனார். அதை ஏரியில் சாய்த்தார். அங்கிள் எழுந்து வேறு பக்கம் நடந்துவிட்டார்.

மகள் உப்பல் வரைக்கும் ஸ்கூட்டரின் முன்னால் நின்றபடி அழுதாள். அவளுக்குப் புரியும்படி சொல்ல வேண்டுமே என்று, பின்னாலிருந்து குனிந்து, அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை கண்ணு, அதனால்தான் என்றேன். அழுகை நின்றது. சிக்னலில் திரும்பிக் கேட்டாள்.

“நீள்ளு பாகலேகபோத்தே, சேபனி மள்ளி அந்துலோனே எந்துகு வதிலேசாம்?”

தண்ணீர் நல்லதில்லை என்றால், மீனை ஏன் திரும்ப அதிலேயே விட்டோம் என்று கேட்கிறாள். நான் வாரக்கணக்கில் யோசித்த எதிலும் மீனைப் பற்றி ஒரு நினைப்பும் இருந்ததில்லை. மூலை யாருக்கு, மீன் யாருக்கு என்று ஹாலில் பேசியவர்களும் அதை நினைத்ததாகத் தெரியவில்லை.

என் கணவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே, பரிசோதனைக்கு எழுதப் போவதாகச் சொன்னாரே அந்த மேடம், அவர் நம்பர் வாங்கினாயா என்று கேட்டார். வாங்கவில்லை. அந்தப் பதற்றத்தில் அது தோன்றவே இல்லை. மகள் இன்னும் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் இன்னும் கலைந்திருக்காது என்று அவர் வண்டியை ஏரிப் பக்கம் திருப்பினார்.