ஊதல் பெட்டிக் காரும் என் தேங்காய் எண்ணெயும்

சீட் தைக்கிறவள் கண்ணை நம்பக் கூடாது, உட்கார்ந்து பார்த்துத்தான் தைக்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர் மலாக்காவில் காஜா பெராங் மோட்டார் பட்டறை முதலாளி, தவ்கே அ லெங். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த வருஷம், தைப்பூசம் முடிந்து வந்த திங்கட்கிழமை, நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த அன்று சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு வருஷத்துக்கு மேல் கண்ணை நம்பியே தைத்தேன். அதனால் வந்தவைதான் கீழே எழுதியிருப்பதெல்லாம். ஊசி குத்திய விரலோடு வீட்டுக்குப் போய்ப் புளி கரைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு என் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

பளபளப்பு

எங்கள் பட்டறையில் முன்பக்கம் எஞ்சின் வேலை, பின்பக்கம் நானும் என் தையல் மெஷினும். மலாக்கா டாக்ஸிக்காரர்கள் பாதிப் பேர் என்னிடம்தான் ரெக்சின் மாற்றுவார்கள். தைத்து முடித்ததும் சும்மா கொடுத்துவிட எனக்கு மனம் வராது. ஒரு துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டு, சாமி விளக்கைத் துடைப்பது போல் சீட் முழுவதையும் துடைப்பேன். பிறகு ஒரு மூலையில் துளி விபூதி. அப்புறம்தான் வண்டி வெளியே போகும்.

இது என் வழக்கம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது இதுதான். ஒரு டாக்ஸிக்காரர் குனிந்து சீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இனிமே நான் இதுலயே முகம் பாத்து சவரம் பண்ணிக்குவேன்."

பம்ப் அடிக்கிற கார்

அடுத்த வருஷம் ஒரு பச்சைக் கார் வந்தது. இரண்டே பேர் உட்காரலாம். கூரை இல்லை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. டவுனில் தனியாக வைத்தியம் பார்க்கும் ஒரு தமிழ் டாக்டர் அதைக் கப்பலில் வரவழைத்திருந்தார். புக்கிட் ரம்பாய் பக்கம் ரப்பர் தோட்டச் சாலையை ஒரு நாள் அடைத்து, அதில் கார்ப் பந்தயம் விடப் போகிறார்கள், அதற்காக என்று பேச்சு. என் மூத்த மகன் சிவலிங்கம் எங்கள் பட்டறையில்தான் மெக்கானிக். இருபத்துநாலு வயது. அந்தக் காரைப் பார்த்த நாள் முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மூக்குப் பக்கம் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. இது என்னடா என்று கேட்டேன். மற்றக் கார்கள் தாங்களாக மூச்சு விடும், இந்தப் பெட்டி வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும், அதனால் வேகம் இரண்டு மடங்கு என்றான். எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் யோசித்து, எனக்காகவே சொன்னான்: "நம்ம மண்ணெண்ணெய் அடுப்பு இருக்கில்லம்மா, பம்ப் அடிச்சா எப்படிச் சீறும்? இது பம்ப் அடிச்சுக்கிட்டே ஓடற அடுப்பு."

டாக்டர் வழுக்கினார்

பந்தயத்துக்காக இரண்டு சீட்டும் புதிதாகத் தைக்கச் சொன்னார் டாக்டர். இலவம் பஞ்சு அடைத்து மெத்தை மாதிரி, கறுப்பு ரெக்சினில் தைத்தேன். பெரிய இடத்து வண்டி அல்லவா, எண்ணெயையும் இரண்டு தரம் போட்டேன். டாக்டர் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டு, ஏறி ஓட்டிக்கொண்டு போனார்.

திரும்பி வரும்போது கார் ஆமை மாதிரி வந்தது. முதல் வளைவிலேயே மனிதர் சீட்டிலிருந்து வழுக்கிப் பக்கத்து சீட்டுக்குப் போய்விட்டார். ஸ்டீரிங்கை விடாமல் பிடித்ததில் கை முறுக்கிக்கொண்டது. மணிக்கட்டு வெள்ளரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எண்ணெய் போட்டது நான்தான் என்று ஒளிக்காமல் சொன்னேன். தன் கையில் தானே கட்டுப் போட்டுக்கொண்டே டாக்டர் சொன்னார்: "பரவாயில்லம்மா. இத்தனை நாள் ஊர்ல எல்லாருக்கும் எண்ணெய் தேய்க்காதீங்கன்னு சொன்னேன், கார் சீட்டுக்குச் சொல்ல மறந்துட்டேன்."

என் தலையில் வந்து விழுந்தது

பந்தயத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் மணிக்கட்டு சரியாகாது. காரை நன்றாகத் தெரிந்தவன் சிவலிங்கம் ஒருத்தன்தான், அவனே ஓட்டட்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். என் மகன் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனையும் வைத்தார். தாயார் வாய் திறந்து சரி என்று சொன்னால்தான் சாவி கைக்கு வரும்.

இது என்ன சோதனை பாருங்கள். நான் எண்ணெய் போட்டதால்தான் அவனுக்கு இந்த வாய்ப்பு, அவன் விழுந்தாலும் நான் எண்ணெய் போட்டதால்தான். அந்தக் காரில் உடம்பைப் பிடிக்க வார் கிடையாது, தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது. இரண்டு நாள் சாமி அறையில் உட்கார்ந்து பார்த்தேன். முருகன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலை, முதலில் நானே அந்தச் சாலையில் ஒரு சுற்று உட்கார்ந்து பார்க்கிறேன், அப்புறம் பதில் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் கிடைக்கும் என்பதுதான் என் எண்ணம். தவ்கே சிரிக்காமல் சொன்னார்: "சேர்ந்த அன்னைக்கே சொன்னேன் அக்கா, உட்கார்ந்து பாருன்னு. ஓடற கார்ல உட்காருன்னு சொல்லலையே லா."

ஒரு சுற்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒத்திகைக்காகச் சாலையை இரண்டு மணி நேரம் அடைத்துக் கொடுத்தார்கள். சீட்டில் இருந்த எண்ணெயைச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினேன். மகன் நெற்றியில் பூச விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தேன், அவன் அதே நேரம் காரை விட்டான். அத்தனையும் என் வாயில்.

ஐயோ, அந்த முதல் இழுப்பை எப்படிச் சொல்வேன். யாரோ நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளுகிறார்கள். காலடியில் அடுப்புச் சூடு. அவன் கியரை மாற்ற மாற்ற அந்த ஊதல் பெட்டி ஊளையிட ஆரம்பித்தது. மாவு மில்லில் பெல்ட் ஏறும்போது எழும்புமே, அந்தச் சத்தம், ஆனால் ஏறிக்கொண்டே போகிறது, முடிகிற இடமே இல்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திறந்து திறந்து மூடின. சின்னப் பாலத்தில் கார் எகிறியது. வயிறு பாலத்திலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் வந்தேன். முதல் வளைவில் கதவோடு போய் ஒட்டினேன், இரண்டாவதில் மகன் தோளில் போய் மோதினேன். எண்ணெய் இல்லாமலே வழுக்குகிறது. டாக்டர் பட்ட பாடு அப்போதுதான் தெரிந்தது. தப்பு எண்ணெயில் பாதி, நான் தைத்த மெத்தையில் பாதி. பக்கத்தில் பிடிமானமே வைக்காமல் தைத்திருக்கிறேன்.

ஆனால் நான் சீட்டைப் பார்ப்பதை விட்டு அவன் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். வீட்டில் காப்பி டம்ளரைச் சிந்தாமல் தூக்கத் தெரியாத பிள்ளை. அந்த ஸ்டீரிங்கைப் பிறந்த குழந்தையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தான். மூன்றாவது வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். ஏன் என்று கத்தினேன். அப்பா நேற்றுத்தான் ரோலர் விட்டு அங்கே புதுத் தார் போட்டிருக்கிறார், இன்னும் இறுகியிருக்காது என்று கத்தினான். அந்த இடத்தில் என் பயம் பாதி இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நேர்ச்சாலை. கண்ணில் தண்ணீர் காதுப் பக்கம் ஓடுகிறது. முருகா முருகா என்று ஆரம்பித்தவள், பாதிச் சாலையில் அரோகரா என்று கை தூக்கிக் கத்திக்கொண்டிருந்தேன். புறப்பட்ட இடம் வந்ததும் அவன் பிரேக்கில் கால் வைத்தான். நிறுத்தாதேடா தம்பி, இன்னொரு சுற்றுப் போ என்றேன். அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அம்மா, நீங்க வேணாம்னு சொல்லத்தானே ஏறினீங்க?"

ரோலர் ஓட்டுகிறவர்

என் வீட்டுக்காரர் ரோடு போடும் இலாகாவில் ரோலர் ஓட்டுகிறவர். அந்த ரோலரை நடந்து போகிற ஆள் முந்திவிடுவான். நான் காரில் ஏறப்போகும் சங்கதியை அவரிடம் சொல்லவில்லை, கோயிலுக்கு என்றுதான் சொல்லியிருந்தேன். தார் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவர் அன்று காலையே மூன்றாவது வளைவுக்கு வந்திருக்கிறார். முதல் சுற்றில் தலையில் துண்டு கட்டிய ஒரு பெண்பிள்ளை கத்திக்கொண்டு போனாள். யாரோ என்று விட்டுவிட்டார். இரண்டாவது சுற்றில் முகத்தைப் பார்த்துவிட்டார்.

சிவலிங்கம் காரை ஓரம் கட்டினான். நான் விபூதி அப்பிய முகத்தோடு இறங்கி, என்ன திட்டு விழுமோ என்று நின்றேன். அவர் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தார் மேல் டயர் பதியவில்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "மங்களம், இருபது வருஷமா நான் போட்ட ரோடு இது. ஒரு நாள் முழுக்க இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் போவேன். நீ கொட்டாவி விடற நேரத்துல போய்ட்டே."

அளவு

டாக்டரிடம் போய்ச் சரி என்று சொன்னேன். ஆனால் ஓட்டுகிறவர் சீட்டை நான் பிரித்துத்தான் தைப்பேன், அதில் யாரும் தலையிடக் கூடாது என்றும் சொன்னேன். இந்தத் தடவை கண்ணை நம்பவில்லை. மகனைத் தரையில் உட்கார வைத்து, இடுப்பு, விலா, தொடை என்று சட்டைக்கு எடுப்பது போல நாடா பிடித்து அளவெடுத்தேன். இலவம் பஞ்சை எடுத்துவிட்டுத் தென்னை நாரை அழுத்தி அடைத்தேன். ரெக்சினுக்குப் பதில் முரட்டுக் கான்வாஸ். இரண்டு பக்கமும் உயர்த்தித் தைத்தேன், பிள்ளையை இடுப்பில் வைத்தால் கையும் வயிறும் சேர்ந்து தாங்குமே, அந்த மாதிரி. ஐந்து நாளில் மூன்று ஊசி உடைந்தது. எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. விபூதி மட்டும், அதுவும் அடியில்.

சிவலிங்கம் உட்கார்ந்தான். தவ்கே அவன் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உலுக்கிப் பார்த்தார். கார்தான் ஆடியது, பையன் ஆடவில்லை. தவ்கே எனக்கு நேராகத் திரும்பிச் சொன்னார்: "அக்கா, இவன் கல்யாணத்துக்கு இதுலேர்ந்து எப்படி எறக்கறது?"

பந்தயத்தன்று

மொத்தம் எட்டுச் சுற்று. நான் புறப்படும் இடத்தில் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். வீட்டுக்காரர் தன் வளைவில்தான் நிற்பேன் என்று போய்விட்டார். நாலு சுற்று வரை எல்லாம் சரி. பச்சைக் கார் தெரியும் முன்பே அந்த ஊளை கேட்டுவிடும், நான் அரோகரா சொல்லத் தயாராகிவிடுவேன். ஐந்தாவது சுற்றில் ஊளை கேட்கவில்லை. ஒரு கார் போனது, இன்னொன்று போனது, சிவப்பு போனது, வெள்ளை போனது. என் வாயில் சாமி பேர்கூட வரவில்லை. கயிற்றை மட்டும் பிடித்திருந்தேன். டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம் ரப்பர் மரங்களுக்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில், மாவு மில் சத்தம்.

கடைசியில் நாலாவதாக வந்தான். என்ன நடந்தது என்று வீட்டுக்காரர் வந்துதான் சொன்னார். மூன்றாவது வளைவில் முன்னால் போன கார் குறுக்கே திரும்பிவிட்டது. அதில் மோதாமல் இருக்க இவன் ஸ்டீரிங்கை ஒடித்திருக்கிறான். கார் இரண்டு சுற்று சுற்றி, வந்த பக்கம் பார்த்து நின்றிருக்கிறது. அவ்வளவு தூரம் நடந்து வந்தவருக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "கதவு தொறந்துக்கிச்சு மங்களம். பையன் சீட்டை விட்டு அசையல. நான் நின்னு பாத்தேன்."

டாக்டர் ஏறினார்

மறு மாதம் டாக்டர் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, இனி தன் காரைத் தானே ஓட்டப் போவதாகப் பட்டறைக்கு வந்தார். சிவலிங்கம் சாவியைக் கொடுத்துவிட்டு, வேறு ஒரு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். டாக்டர் நல்ல அகலமான மனிதர். முதலில் நேராக உட்காரப் பார்த்தார், அப்புறம் பக்கவாட்டில். கடைசியில் பாதி இறங்கி அப்படியே நின்றுவிட்டார். தவ்கே ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம்.

நான் வேண்டுமென்று செய்தேனா என்று அன்றிலிருந்து பல பேர் கேட்டுவிட்டார்கள். முருகன் அறிய, அளவெடுக்கும்போது என் கண்ணில் ஒரு பிள்ளைதான் இருந்தான், அவ்வளவுதான். பிரித்துத் தைத்துக் கொடுக்கிறேன் என்று ஊசியை எடுத்தேன். டாக்டர் சீட்டையும் பார்த்தார், வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு காலையும் பார்த்தார். சட்டையை இழுத்துச் சரி செய்துகொண்டு சொன்னார்: "வேணாம்மா, பிரிக்காதீங்க. கார் என்னோடது, சீட் அவனோடது. அவனே ஓட்டட்டும், நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

மலாக்காவில் எத்தனையோ வண்டிக்குத் தைத்த நான், ஒரே ஒரு சீட்டைத்தான் ஒழுங்காக அளவெடுத்துத் தைத்தேன், அது வண்டிக்காரருக்கு மட்டும் சேரவில்லை. ஆகையால், சீட் தைக்கக் கொடுப்பவர்களே, வண்டியை மட்டும் அனுப்பாமல் அதில் உட்காரப் போகிறவரையும் கூடவே அனுப்பி வையுங்கள்.