காந்தம் ஒட்டாத இடம்

நிறுத்தியிருக்கும் பழைய காரைக் கடந்து போகும்போதெல்லாம் எர்மிந்தா புறங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல ஒரு கணம்தான். பிறகு கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நடப்பாள். எஸ்பஞோலா ஊரில் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்கிறவள் இல்லை அவள்.

பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். இடது கையால் எழுதுகிறாள் என்று கன்னியாஸ்திரி அந்தக் கையை நாற்காலியோடு கட்டிவைத்த மறுநாள் அவள் போகவில்லை. அண்ணன் பிலிமோனின் பட்டறையில் போய் நின்றாள். அவன் பழைய கார்களை வெட்டி, கூரையைத் தாழ்த்தி, வேறு கார்களின் விளக்குகளைப் பதித்து ஆளே அடையாளம் தெரியாமல் மாற்றுகிறவன். வெட்டி ஒட்டிய இடத்தை மூடுவது அவள் வேலையானது. ஈயக் கம்பியை நெருப்பில் இளக்கி, தேன்மெழுகு தடவிய மரக்கரண்டியால் அழுத்தி அழுத்தித் தடவ வேண்டும். பெண்பிள்ளை கைபட்ட வண்டி என்றால் யார் வாங்குவார்கள்? "எல்லாம் நானே பண்ணதுதான்" என்று அண்ணன் சொன்னான். அவளுக்கும் அதுவே நிம்மதியாக இருந்தது.

மொத்தம் ஏழு கார்கள். ஆறு எங்கே இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும். ஏழாவது, சாய்ந்த முதுகுள்ள பச்சை செவர்லே, 1964இல் விமானப்படைக்காரன் ஒருவனோடு போனது. திரும்பவில்லை.

பிலிமோன் இறந்த பிறகு, பெரிய வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் திரும்பாத அந்த ஏழாவது கார் கிடைத்தால் அதற்குத்தான் முதல் இடம் என்று கார் சங்கம் முடிவு செய்தது. அதிலிருந்து தொல்லை தொடங்கியது. இரண்டு பேர் 'ஏழாவது கார்' கொண்டுவந்தார்கள். இரண்டையும் புறங்கையால் தொட்டதுமே எர்மிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஈயத்துக்குப் பதிலாக மலிவான பட்டிப் பசை பூசிய இடம் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். ஈயம் நிழலில் கிணற்றுத் தண்ணீர்போலக் குளிரும். அண்ணன் பெயரைப் பட்டியின்மேல் எழுத அவளுக்கு மனமில்லை. அதனால் யார் வந்தாலும் சந்தேகம்தான்.

மூன்றாவது ஆளாக வந்தான் லியாண்ட்ரோ. ஆல்புகர்கிக்காரன். ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் பச்சை மிளகாய் வைத்துச் சுருட்டிய புரிட்டோ ரொட்டியைக் கடித்துக்கொண்டு நின்ற நேரத்தில், தரையை உரசுகிற பச்சை செவர்லே ஒன்று கோயில் வளாகத்துக்குள் நுழைந்தது. அவனுடைய சிரிப்பு எர்மிந்தாவுக்குப் பிடிக்கவில்லை. ரொம்ப நேரம் நீடித்த சிரிப்பு.

சங்கத்து ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"முன்னாடி கிரில்லு பல்லு டிசோட்டோ காரோடது. அம்பத்திமூணு மாடல்."

"அம்பத்திரெண்டுடா. பல்ல எண்ணிப் பாரு."

"ஹெட்லைட் வளையம் ஃபோர்டு. பின்னாடி லைட்டு லிங்கன். கதவுக் கைப்பிடியவே காணோமே, திருடன் வந்தா பாவம் என்ன பண்ணுவான்?"

"கும்பிட்டுட்டுப் போவான்."

லியாண்ட்ரோ காரின் மேல் கைவைத்தான். "பிலிமோன் கை. எங்க மாமா ஒரு விமானப்படைக்காரர்கிட்ட வாங்கினது."

"உங்க மாமா செத்துட்டாரா?" என்றான் பெனி. சங்கத்தில் எல்லோருக்கும் நீதிபதி அவன்தான்.

"செத்துட்டாரு."

"எல்லாருக்கும் மாமா செத்துத்தான் போயிருக்காரு." பெனி பையிலிருந்து காந்தத்தை எடுத்தான். கதவில் ஒட்டியது. பின்பக்கம் கூரை சரிந்து டிக்கியோடு சேரும் இடத்தில் வைத்தான். காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. இன்னொரு முறை வைத்தான். விழுந்தது.

"பட்டி," என்றான். "தம்பி, வண்டிய எடுத்துட்டு வீட்டுக்குப் போ."

"உங்க காந்தத்துக்கு ஈயம் எது, பட்டி எதுன்னு தெரியுமாண்ணே?"

"தெரியாமலா நாப்பது வருஷமா இத வச்சிருக்கேன்?"

எர்மிந்தா காந்தத்தையே பார்த்தாள். காந்தம் இரும்பில்தான் ஒட்டும். ஈயத்திலும் ஒட்டாது, பட்டியிலும் ஒட்டாது. அப்படியானால் பெனி இத்தனை வருஷமாக எதை எதையெல்லாம் திருப்பி அனுப்பியிருப்பான்? அந்த நல்லவன்மீதும் அவளுக்கு இப்போது நம்பிக்கை தளர்ந்தது.

கூட்டத்துக்குள் நுழைந்து புறங்கையை வைத்தாள். குளிர்ந்தது.

ஆனால் ஈயம் வைக்கத் தெரிந்த கள்ளனும் இருக்கலாம். "டிக்கியத் திற," என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. லியாண்ட்ரோ முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"எதுக்கு?"

"திற."

திறந்தான். மூடியின் விளிம்புக்கு உள்ளே, யாரும் அரம் போடாத இடத்தில், அவள் விரலை விட்டுத் தடவினாள். கரண்டி இழுத்த வரிகள் இருந்தன. வலது கைக்காரன் இழுத்தால் ஒரு பக்கம் சாயும். இவை மறுபக்கம் சாய்ந்திருந்தன.

"இது ஏழாவதுதான்," என்றாள்.

பெனி வாயைத் திறந்தான். "அக்கா, காந்தம்..."

"காந்தத்தத் தூக்கிப் போடு பெனி. ஈயத்துல அது ஒட்டாது. இது என் கை."

ஒருவன் புரிட்டோவை மெல்வதை நிறுத்தினான்.

"உங்க அண்ணன் கைன்னு சொல்லுங்க அக்கா," என்றான் பெனி மெதுவாக.

"வெட்டினது அவன் கை. மூடினது என் கை. ஏழுலயும்."

லியாண்ட்ரோவின் முகம் மாறியது. கார் உண்மையானது என்று தெரிந்த சந்தோஷம் வருமென்று அவள் நினைத்திருந்தாள். வந்ததென்னவோ கணக்குப் போடுகிற பார்வை. "அம்மா, இத்தன நாளா சொல்லாம இன்னிக்கு ஏன் சொல்றீங்க?" என்றான். "உங்களுக்கு இதுல என்ன வேணும்?"

அவள் இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

ஊர்வலத்தில் இப்போது அந்தப் பச்சை செவர்லேதான் முதலில் போகிறது. முன்கண்ணாடியில் வைக்கிற பலகையில் பிலிமோன் பெயர் மட்டும் இருக்கிறது. அவள் பெயரைச் சேர்க்க ஆதாரம் வேண்டும் என்று சங்கம் சொல்லியிருக்கிறது. மற்ற ஆறு கார்களின் டிக்கியையும் திறந்து கரண்டி வரிகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். இதுவரை இரண்டு பேர்தான் திறந்திருக்கிறார்கள். பெனியின் பையில் காந்தம் இன்னும் இருக்கிறது.