மகன் கேட்டாலும்

வெள்ளவத்தையில் எங்கள் மேல்மாடி அம்மா மெலிந்தவர், தடித்த கண்ணாடி. என் குரல் தெரிந்தும் பெயர் கேட்ட பிறகே கதவைத் திறப்பார். அவருடைய மின்னஞ்சலுக்கு இரட்டைப் பாதுகாப்பு வைத்துக் கொடுத்தபோது, “போனுக்கு வாற கோட் நம்பரை மகன் கேட்டாலும் சொல்லாதேங்கோ” என்றேன்.

சென்ற வாரம் கனடாவிலிருந்து மகன் என்னை அழைத்தார். அவருடைய மின்னஞ்சல் கணக்குக்கான கோட் நம்பரும் அம்மாவின் போனுக்குத்தான் போகுமாம். “என்ர போன் துலைஞ்சிட்டுது அண்ணை. வேற போனில அம்மாவுக்கு எடுத்து அந்தக் கோட் நம்பரைக் கேட்டன். கள்ளன் எண்டு ஏசிப்போட்டு வச்சிட்டா. இப்ப கணக்கு லொக். செத்த அப்பான்ர படமெல்லாம் அதுக்குள்ளதான். நீங்கள் ஒருக்கா அம்மாவுக்கு விளங்கப்படுத்துங்கோ.”

மேலே போனேன்.

“ஒருத்தன் மகன்ர குரலிலயே கதைச்சான் தம்பி. நான் விடுவனே? நீங்கள் சொன்னபடிதானே செய்தனான்?” என்று சிரித்தார்.

“ஓம் அம்மா” என்றேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மகனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.